நாலு மணிக் களைப்பு

வளர்ந்த மனித உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆண்களிடம் சுமார் 60 சதவீதம், பெண்களிடம் 50 முதல் 55 சதவீதம், பிறந்த குழந்தையிடம் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கொழுப்பே காரணம்: தசையில் முக்கால் பங்கு நீர் இருக்கிறது, கொழுப்பிலோ மிகக் குறைவு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் இருக்கும் தண்ணீரை அளந்தால், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் ஒன்று நிறைந்து, இன்னொன்றில் கால் பாகம் தேறும். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. மீதி செல்களுக்கு வெளியே. அந்த மீதியிலும், ரத்தக் குழாய்களில் பிளாஸ்மா என்ற திரவமாக ஓடுவது இரண்டு, இரண்டரை லிட்டர் மட்டுமே. ஒரு மனிதரின் அன்றாடத் தெம்பு பெரும்பாலும் இந்தச் சின்னப் பங்கோடுதான் ஏறி இறங்குகிறது.

தண்ணீரில் ஒரு கலோரி கூடக் கிடையாது. கை கால் அசைவதற்கான ஆற்றல் சோற்றிலும் பருப்பிலும் எண்ணெயிலும் இருந்து வருகிறது. ஆனாலும் மதியம் வயிறாரச் சாப்பிட்டவர் நாலு மணிக்குத் துவண்டு உட்கார்ந்திருப்பது எந்த அலுவலகத்திலும் கடையிலும் காணக்கூடிய காட்சி. சாப்பாடு தந்த ஆற்றலுக்குக் குறைவில்லை. அதைத் தசைக்கும் மூளைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரத்த ஓட்டமும், உள்ளே எரிந்து உண்டான சூட்டை வெளியே தள்ளும் ஏற்பாடும் தளர்ந்திருக்கின்றன. உடலுக்குள் ஓடும் கடிகாரமும் மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் இயல்பாகவே ஒரு தூக்கக் கலக்கத்தைத் தருகிறது. அதை எவ்வளவு தண்ணீர் குடித்தும் மாற்ற முடியாது. அந்தக் கலக்கத்தின் மேல் நீர்க்குறைவும் ஏறிக்கொள்ளும்போதுதான் கொட்டாவி தலைவலியாக மாறுகிறது.

உடலின் நீர்க் கணக்கில் வரவு மூன்று வழிகளில் வருகிறது. குடிப்பது முதல் வழி. சாப்பாட்டில் இருப்பது இரண்டாவது. வெந்த சோற்றின் எடையில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர்தான். வெள்ளரிக்காயிலும் தர்பூசணியிலும் தொண்ணூறைத் தாண்டும். ரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிடுகிறவருக்குத் தட்டிலிருந்தே கணிசமான நீர் கிடைத்துவிடுகிறது. பரோட்டாவும் சிப்ஸும் தின்று பசியாறுகிறவருக்கு அது இல்லை. மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது: உணவு செல்களுக்குள் எரியும்போதே நீர் உண்டாகிறது, நாளொன்றுக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல்.

செலவுப் பக்கத்தில் மூச்சும் தோலும் சேர்ந்து, வியர்க்காமல் இருந்தாலே, முக்கால் லிட்டர் வரை எடுத்துக்கொள்கின்றன. கண்ணாடியில் ஊதினால் படியும் ஆவிதான் அது. மலத்தில் ஒரு டம்ளர் அளவு போகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஏறத்தாழ முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பி, ஒன்று, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. தண்ணீர் வரத்து நின்றாலும் கழிவுகளைக் கரைத்து அனுப்ப அரை லிட்டர் சிறுநீராவது அவற்றுக்குத் தேவை. அதற்குக் கீழே சிக்கனம் பிடிக்க வழியில்லை.

இந்தக் கணக்கில் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கூடவே கொண்டுபோகிறது. சித்தாள் வேலை, மூட்டை தூக்குவது போன்ற கடின உழைப்பில் உடல் ஒரு மணி நேரத்தில் 300 கிலோகலோரிக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கும். அதைத் தள்ள அரை லிட்டர் வியர்வை வேண்டும். வெயிலும் சேர்ந்தால் மணிக்கு ஒரு லிட்டர் போவது சாதாரணம்.

மண்பானையும் இதே வழியில்தான் தண்ணீரைக் குளிர்விக்கிறது. பானையின் சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்பக்கம் ஈரமாகி, காற்றில் ஆவியாகும். ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொள்ளும். புதுப்பானையில் இது நன்றாக நடக்கும். பழகிய பானையில் துளைகள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதால் தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்காது. பானை எந்த ஊரில் இருக்கிறது என்பதும் முக்கியம். வேலூரின் வறண்ட வெயிலில் சில்லிட்டுப் போகும் அதே பானை, கடற்கரையோரச் சென்னையின் புழுக்கத்தில் அத்தனை குளிராது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் ஈரம் எங்கே போகும்? மனிதத் தோலுக்கும் இதே நிலைதான். சென்னையில் மே மாதம் வியர்வை ஆவியாகாமல் முதுகில் வழிந்து சட்டையை நனைக்கிறது. அப்படி வழிந்து சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, நீரும் உப்பும் வீணாவதுதான் மிச்சம். வேலூரிலோ வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று சொல்கிறவர் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்திருப்பதைப் பார்த்தால் உண்மை தெரியும். இழந்தது தெரியாததால் குடிக்கவும் தோன்றாது என்பது வறண்ட வெயிலின் ஆபத்து.

நீர் குறையும்போது தெம்பு ஏன் குறைகிறது என்பதை ரத்த ஓட்டத்திலிருந்து தொடங்கிப் புரிந்துகொள்வது எளிது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் என்பது அரை லிட்டர். அந்த அரை லிட்டர் போனதும் பிளாஸ்மாவின் அளவு சற்றுச் சுருங்குகிறது, ரத்தம் கொஞ்சம் அடர்த்தியாகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. உழைப்பின்போது எடையில் ஒவ்வொரு சதவீத இழப்புக்கும் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை கூடுவதாக உடலியல் நூல்கள் சொல்கின்றன. காலையில் மூச்சு வாங்காமல் ஏறிய அதே இரண்டு மாடிப்படி மாலையில் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படி மாறவில்லை, அதை ஏற இதயம் கொடுக்க வேண்டிய உழைப்பு கூடிவிட்டது.

வெயில் நேரத்தில் இன்னொரு இழுபறியும் நடக்கிறது. சூட்டைத் தள்ள ரத்தம் தோலுக்குப் போயாக வேண்டும். வேலை செய்யும் தசைக்கும் அது வேண்டும். இருக்கும் ரத்தமே குறைவாக இருந்தால், உடல் ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றுவதற்காகத் தோலுக்கான பங்கைக் குறைக்கிறது. உடலின் உள்வெப்பம் ஏறுகிறது. உள்வெப்பம் ஏறினால், தசையில் இன்னும் வலு இருக்கும்போதே மூளை வேலையை நிறுத்தச் சொல்கிறது. "முடியலப்பா" என்று நிழலில் உட்காரும் தொழிலாளியைச் சோம்பேறி என்று திட்டும் மேஸ்திரிக்கு இந்த உடலியல் தெரிந்திருக்க நியாயமில்லை. உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் வரும் கிறுகிறுப்புக்கும் அடிப்படை இதே ரத்தக் குறைவுதான்: கால்களுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்ற உடலுக்குச் சில நொடி பிடிக்கிறது.

மேசை வேலை செய்பவருக்கு மூச்சு வாங்குவதில்லை, கவனம்தான் நழுவுகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய சகாக்களும் நடத்திய இரண்டு ஆய்வுகள் இது பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. 2011-ல் வெளியான முதல் ஆய்வில் 26 இளைஞர்கள், 2012-ல் வெளியானதில் 25 இளம்பெண்கள். நடைப்பயிற்சியாலும் சில சமயம் சிறுநீர் கழியவைக்கும் மாத்திரையாலும் அவர்களுடைய உடல் எடையில் ஒன்றரை சதவீத அளவுக்கு நீரைக் குறைத்து, பிறகு சோதனைகள் வைத்தார்கள். ஆண்கள் திரையைக் கூர்ந்து கவனிக்கும் சோதனையில் அதிகத் தவறு செய்தார்கள்; நினைவு சார்ந்த சோதனையில் மெதுவானார்கள்; களைப்பும் பதற்றமும் கூடியதாகச் சொன்னார்கள். பெண்களின் மதிப்பெண்கள் பெரும்பாலும் குறையவில்லை. ஆனால் வேலை கடினமாகத் தெரிந்தது, தலை வலித்தது, மனநிலை கெட்டது. வேலை நடக்கிறது, அதைச் செய்ய உயிர் போகிறது என்ற நிலை. ஆய்வுகள் சிறியவை என்பதையும், அவற்றுக்குப் பணம் தந்தது புட்டித் தண்ணீர் விற்கும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் இரண்டு சதவீத இழப்பை நெருங்கும்போது கவனமும் உற்சாகமும் தளர்கின்றன என்பதில் வேறு ஆய்வுகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒரு சதவீதத்துக்குக் கீழே சான்று அவ்வளவு உறுதியாக இல்லை.

உடல் இந்த இழப்பைக் கவனிக்காமல் இருப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ், ரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே உணர்ந்துகொள்கிறது. முதலில் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகங்களைத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்கிறது, சிறுநீர் மஞ்சளாகிறது. அதற்கு அடுத்த படியாகத் தாகம் எடுக்கிறது. தாகம் எடுத்துவிட்டாலே உடல் ஆபத்தான நீரிழப்புக்கு வந்துவிட்டது என்று விளம்பரங்களிலும் வாட்ஸாப் செய்திகளிலும் சொல்வது மிகை. மருத்துவர்கள் நீரிழப்பு என்று கவலைப்படும் அளவுக்கு வெகு முன்பே தாகம் மணியடித்துவிடுகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யும் நல்ல ஆரோக்கியமுள்ளவருக்குத் தாகத்தைப் போன்ற நம்பகமான வழிகாட்டி வேறு இல்லை. மணி அடித்தும் எழுந்து போகாமல், இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மீட்டிங் என்று தள்ளிப்போடுவதுதான் சிக்கல்.

தாகத்தை அப்படியே நம்ப முடியாதவர்கள் இரண்டு வகை. முதல் வகை வயதானவர்கள். 1984-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களும் இளைஞர்களும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். முதியவர்களின் ரத்தம் நன்றாகவே அடர்ந்திருந்தும் அவர்களுக்குத் தாகம் குறைவாகவே எடுத்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். கோடையில் பாட்டி காரணமில்லாமல் படுத்தே கிடந்தால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், "தண்ணி வேணுமா?" என்று கேட்டு "வேண்டாம்பா" என்ற பதிலோடு நகர்ந்துவிடுவது சரியல்ல. டம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வகை வெயிலில் உழைப்பவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, பாலைவனத்தில் போரிடும் வீரருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கண்டறிய, ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் வீரர்களை நடக்கவைத்து அளந்தார். குறைவாகக் குடித்துப் பழகினால் உடல் ஏற்றுக்கொள்ளும் என்ற ராணுவத்தின் பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது. தண்ணீர் இல்லாத நடைக்குப் பழக்கம் உதவவில்லை. அதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று: வேண்டிய மட்டும் தண்ணீர் கையில் இருந்தபோதும், வேலை நடக்கும் நேரத்தில் வீரர்கள் இழந்ததை முழுதாகக் குடிக்கவில்லை. மீதியைச் சாப்பாட்டு வேளையில்தான் ஈடுகட்டினார்கள். இந்த முடிவுகள் 1947-ல் நூலாக வந்தன. உணவில் உள்ள உப்பு, குடித்த நீரை உடலில் நிறுத்திவைக்க உதவுகிறது என்பது இதற்கான ஒரு விளக்கம். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடும் என்று பயந்து இலைக்குப் பக்கத்தில் டம்ளரே வைக்காதவர்கள், தண்ணீர் குடிக்க மிக வசதியான வேளையை விட்டுவிடுகிறார்கள்.

நாளுக்கு எட்டு டம்ளர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. 1945-ல் அமெரிக்க உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் போதும் என்று எழுதியது. அதே பத்தியில், இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. முதல் வாக்கியம் உலகம் சுற்றியது, அடுத்த வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. 2002-ல் ஹெயின்ஸ் வால்டின் என்ற சிறுநீரக உடலியல் அறிஞர் எட்டு டம்ளருக்கான ஆதாரத்தைத் தேடிப் பார்த்து, அறிவியல் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்று சொன்னது. உணவில் உள்ள நீரும் அதில் சேர்த்தி, மிதமான தட்பவெப்பத்துக்கான அளவு அது. கத்திரி வெயிலில் திருச்சியில் கொத்து வேலை செய்பவருக்கு அந்த அளவு மதியத்துக்குள் வியர்வையாகவே போய்விடும். ஒரே எண்ணை எல்லாருக்கும் எழுதித் தர முடியாது.

எண்ணைவிட நல்ல அளவுகோல் கழிப்பறையில் இருக்கிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர்போல் இருந்தால் வரவும் செலவும் சரியாக இருக்கின்றன. கடலை எண்ணெய் நிறத்துக்கு வந்து, நாற்றமும் கடுப்பும் இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். உடம்பு சூடு, நீர்க்கடுப்பு என்று வீட்டில் சொல்லும் தொல்லை பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. தண்ணீர் குடித்தும் எரிச்சல் நிற்காவிட்டால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், சோதிக்க வேண்டும். பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காலையில் முதலில் கழிவது எப்போதும் அடர்த்தியாகத்தான் இருக்கும். இரவு முழுக்க மூச்சிலும் தோலிலும் நீர் போயிருக்கிறது, உள்ளே எதுவும் வரவில்லை. எழுந்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடிக்கும் பழக்கத்துக்கு இதுவே போதுமான நியாயம். நச்சு நீக்கும், எடை கரைக்கும் என்றெல்லாம் கதை கட்டத் தேவையில்லை.

எதைக் குடிப்பது என்பதில் வீட்டுப் பழக்கங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கின்றன. சாதாரண வேலைக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். வியர்வை கொட்டும் வேலைக்கு உப்பும் வேண்டும். ஒரு லிட்டர் வியர்வையில் தோராயமாக அரை டீஸ்பூன் உப்பு போகிறது. உப்புப் போட்ட நீர்மோரும், ராத்திரிச் சோற்றில் ஊற்றிவைத்த நீராகாரமும் இந்த இரண்டையும் சேர்த்தே தருகின்றன. வயலுக்குப் போகும் முன் ஒரு சொம்பு நீராகாரம் குடித்தவர், மாவுச்சத்தும் உப்பும் கலந்த ஒரு பானத்தைக் குடித்திருக்கிறார். அரிசி மாவில் செய்த உப்புக் கரைசலை 1980-களில் டாக்கா மருத்துவர்கள் வயிற்றுப்போக்கு நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அதனால் வியர்வைக்கு முழு ஈடு ஆகாது, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவும் கூடாது.

சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் நீரை வேகமாக இழுக்கும் என்ற விதியை 1960-ல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, கல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனபிஸ் போங்காவ்ன் ஊரில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்த கரைசலை டிரம்களில் கலந்துவைத்து உயிர்களைக் காப்பாற்றினார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பெருமை அங்கிருந்து தொடங்குகிறது. வயிற்றுப்போக்குக்கும் கடும் வியர்வைக்கும் அது மருந்து. ஏசி அறையில் சோர்வு போக்கும் பானம் அல்ல. பழச்சுவையோடு காகிதப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் அந்த மூன்றெழுத்தை ஒட்டிக்கொண்டு விற்கப்பட்டதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

காபி, டீ உடலை வறளவைக்கும் என்பது பாதி உண்மை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், காபி குடித்துப் பழகிய 50 ஆண்கள் மூன்று நாள் மிதமாகக் காபி குடித்தும், இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் குடித்தும் பார்க்கப்பட்டார்கள். உடலின் நீர் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் இருப்பது நூறு மில்லிதான். நாலு மணிக் களைப்புக்கு அந்த நூறு மில்லியை மட்டும் குடித்துவிட்டு வருபவருக்குக் காஃபின் ஒரு மணி நேர விழிப்பைத் தருகிறது, குறைந்த நீர் குறைந்தபடியே இருக்கிறது. டீக்கு முன் ஒரு சொம்பு தண்ணீர் என்ற பழைய கடைப் பழக்கம் திரும்பினால் நல்லது. சாராயம் வேறு கதை. அது வாசோப்ரெசினை அடக்கி, குடித்ததைவிட அதிகமாக வெளியேற்றுகிறது. மறுநாள் தலைவலியில் அதற்கும் பங்கு உண்டு.

அளவு மீறுவதும் ஆபத்து. சிறுநீரகங்களால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் நீரை வெளியேற்ற முடியும். அதைத் தாண்டி ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை செல்கள் வீங்குகின்றன. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பெரும்பாலும் ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள். இதய பலவீனமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மருத்துவர் குறித்துத் தந்த அளவே அளவு.

எல்லாச் சோர்வுக்கும் தண்ணீரைக் காரணம் சொல்வதும் தப்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. அவர்களுடைய களைப்புக்குத் தேவை இரும்புச்சத்து. நன்றாகத் தண்ணீர் குடித்தும் தாகம் தீராமல், இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், குடிக்கும் அளவைக் கூட்டுவதற்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு என்று பட்டியல் நீளும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தும் அசதி மாறவில்லை என்றால் குற்றவாளி வேறு ஆள்.

இத்தனை தெரிந்தும் குடிக்காமல் இருப்பவர்களில் கணிசமானோர் மறதியால் குடிக்காமல் இருப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் குடிக்காமல் இருக்கிறார்கள். ஜவுளிக்கடை விற்பனைப் பெண் காலை ஒன்பதரைக்குத் தளத்தில் நிற்கத் தொடங்கினால், கழிப்பறை வேறு மாடியில் இருக்கும், போய்வர மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், பண்டிகைக் கூட்டத்தில் அதுவும் நடக்காது. ஆகவே காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். பேருந்து நடத்துநர், போக்குவரத்துக் காவல் பணியில் நிற்கும் பெண், வீட்டு வேலைக்கு நாலு வீடு ஏறி இறங்குபவர், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையுள்ள பள்ளியின் மாணவி என்று இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் ஏராளம். உப்பளத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலின் குழு தமிழ்நாட்டு உப்பளங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. நீரிழப்போடு வருடக்கணக்கில் செய்யும் உழைப்பு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற கவலை மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் தொடங்கி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது.

சட்டமும் அரசும் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மாணவர்கள் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' கேரளப் பள்ளிகளில் 2019-ல் அறிமுகமாகி, 2025-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. மணி அடிப்பது நல்லதுதான். ஆனால் பதினொரு மணிக்குத் தண்ணீர் குடித்த சிறுமி பன்னிரண்டு மணிக்குப் போக இடம் வேண்டும். கடையிலும் பட்டறையிலும் பள்ளியிலும் தண்ணீர்க் கேன் வைத்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் அதே தளத்தில், உள்தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையையும் திறந்துவைக்க வேண்டும். அதில்லாத இடத்தில் கேன் மாலை வரை நிறைந்தே இருக்கும்.